பெரிய சார்ஜர் மேல் நான் போட்ட பழி

நைனா,

நீ பூனாவுக்கு ரயிலேறின அன்று காலையில், அம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, பெற்ற பிள்ளை உன் கையை அதன்மேல் நீட்டச் சொல்லி, "பெரிய சார்ஜர் எதையும் தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்கினேன். அந்தச் சத்தியத்தை இன்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கினவளே அதை விட்டுக்கொடுக்கலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். பூசாரியிடம் கேட்டேன். "தாராளமா வுடலாம்மா. யாரு வாங்கினாங்களோ அவங்க வாயாலயே ஆத்தா முன்னாடி சொல்லிடணும், அவ்ளோதான். ஆமா, இன்னா சத்தியம்?" என்றார். அறுபத்தைந்து வாட்ஸ் சார்ஜர் விஷயம் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட கீறதும் அறுபத்தஞ்சு வாட்ஸுதாம்மா. மாப்ள வாங்கிக் குடுத்தாரு. நம்ப போனு சின்ன போனு. போடலாமா?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் குறி சொல்கிற மனிதர் என்னிடம் குறி கேட்டார், நைனா! "நல்ல கம்பெனிதா இருந்தா தாராளமா போடுங்க. வெளக்குப் போட்ட எண்ணெக் கையோட மட்டும் வயரத் தொடாதீங்க" என்று சொன்னேன். பிறகு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றி, என் தப்பை அம்மனிடம் சொல்லி, உன்னை விடுவித்துவிட்டு வந்தேன். இனி உன் இஷ்டம்.

இதை போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பாதிப் பேச்சிலேயே நீ அணைந்துபோகிறாய். "சார்ஜ் இல்லம்மா, அந்தப் பழைய சார்ஜர்ல ஏறவே மாட்டேங்குது" என்று நீ சொல்லும்போதெல்லாம், வீட்டில் சும்மா கிடந்த அதைக் கையில் கொடுத்தனுப்பினவள் நான்தானே என்று குறுகிப்போகிறேன். அது ஒன்று. இன்னொன்று, உன்னை நான் நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டினேன். நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு, தப்பு என்னுடையது என்பதை மட்டும் காதோடு காதாகச் சொல்வது நியாயமில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள், உன் பாடப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துக்கூட்டக் கற்றவள் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஆயுத பூஜைக்குப் பத்து நாளைக்கு முன்னால் அந்த வெள்ளை சார்ஜரை நீ கொண்டுவந்தாய். "என் லேப்டாப்புக்கும் உன் போனுக்கும் இது ஒண்ணே போதும்மா" என்றாய். ஒரு சோப்புக் கட்டி கனம் இருந்தது. அதன் முதுகில் அறுபத்தைந்து என்று போட்டிருந்தது. என் போனோடு வந்த சார்ஜரில் பதினெட்டு. பதினெட்டு தாங்குகிற உடம்பில் அறுபத்தைந்தை ஏற்றினால் என்ன ஆகும் என்று அன்றைக்கே பயந்தேன். ஆனாலும் நீ ஆசையாக வாங்கினது, பத்து நாள் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பத்து நாளை நான் வசதியாக மறந்துபோனதுதான் இந்தக் கதையில் என் முதல் குற்றம்.

ஆயுத பூஜையை நம் வீட்டில் எப்படிச் செய்வேன் என்று உனக்குத் தெரியும். உங்கப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அவர் பட்டறையில் மெஷினுக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பது ஒருபக்கம் என்றால், நம் வீட்டில் அதற்கு நான் குறைவைத்ததில்லை. மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், மீட்டர் பெட்டி, உன் பைக், அரிவாள்மணை, எதையும் விடமாட்டேன். எனக்கு ஒரு கணக்கு உண்டு: பொட்டு என்பது அந்தப் பொருள் எங்கே வேலை செய்கிறதோ அங்கே படவேண்டும். அரிவாள்மணைக்குக் கட்டையில் வைத்தால் போதாது, அலகில் வைக்கவேண்டும். தையல் மெஷினுக்கு ஊசிப் பக்கம். அந்த வருஷம் உன் சார்ஜரையும் பலகையில் வைத்தேன். வெள்ளைக் கட்டிக்கு மூன்று பட்டை, நடுவில் பொட்டு. பிறகு யோசித்தேன்: கட்டி சும்மா சுவரில் தொங்குகிறது, வேலை செய்வது வயரின் முனைதானே? பன்னீரில் குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் எடுத்து, போனுக்குள் போகிற அந்தச் சின்ன முனையில் அழுத்தி வைத்தேன். அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் காலையில் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு போனில் சொருகினேன். திரையில் ஒரு நீர்த்துளி படம் வந்தது. கீழே இங்கிலீஷில் ஏதோ ஓடியது, கண்ணாடி கையில் இல்லை. துளி என்றால் மழைதானே? நான் போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடி, காயப்போட்டிருந்த துணி முழுக்க அள்ளிக்கொண்டு வந்தேன். சுள்ளென்று வெயில். மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த கீழ்வீட்டு கஸ்தூரி, "இன்னாக்கா, ஈரத்துணிய அள்ளினு ஓடுற?" என்று கேட்டாள். "மழ வருதாம், போனு சொல்லுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளும் வடகத்தை எடுத்துவிட்டாள், பாவம். திரும்பிவந்தும் துளி போகவில்லை. பிடுங்கிப் பிடுங்கி நாலைந்து தடவை சொருகினேன். ஒரு வழியாகத் துளி மறைந்து சார்ஜ் ஏற ஆரம்பித்தது. அரை மணியில் கருகல் நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால் போனில் வயர் சொருகுகிற வாய் கறுத்து, தொடமுடியாத சூடு. கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த சார்ஜர் போட்டீங்க? அறுபத்தஞ்சா? அப்புறம் இன்னாத்துக்கும்மா கேக்குறீங்க?" என்று சொல்லி, வாயை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான், எனக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் நீ வேலையிலிருந்து வந்தபோது, பூஜைக்கு வந்த உன் அத்தையும் மாமாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக்கூட நீ கழற்றவில்லை. "பெத்தவளக் கொல்றதுக்கா வாங்கியாந்த?" என்று கேட்டேன். நீ நின்றவாக்கிலேயே, "அம்மா, போனு எவ்ளோ கேக்குதோ அவ்ளோதாம்மா அது குடுக்கும்" என்றாய். "போனு கேக்குமா? அதுக்கு வாயி கீதா? வாயத்தான் எரிச்சு வச்சிட்டியே" என்றேன். உன் அத்தை சிரித்தாள். உங்கப்பா மட்டும், "அவன் சொல்றத இன்னான்னு கேளேன்" என்று தட்டைப் பார்த்தபடி முணுமுணுத்தார். நீ சார்ஜரைச் சுருட்டி என் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தாய். ரெண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்கென்று நீ எதையுமே வாங்கி வரவில்லை. அதை நான் கவனித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

நீ பொங்கல் முடிந்து பூனாவுக்குப் போனாய். நான் இங்கே நம் பில்டிங்கின் எட்டு வீட்டுக்கும் சார்ஜர் பண்டிதை ஆனேன். யார் கையில் பெரிய சார்ஜரைப் பார்த்தாலும் நிறுத்தி என் கதையைச் சொல்வேன். உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா, சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் நாற்றம் என்றுதான் சொன்னேன். ரெண்டாம் தடவை புகை வந்தது. பங்குனி பிறப்பதற்குள் போன் குபுகுபுவென்று எரிந்து, நான் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்ததாகவே ஆகிவிட்டது. கேட்கிறவர்கள் "ஐயையோ" என்று கன்னத்தில் கை வைக்கும்போது அதில் ஒரு ருசி இருந்தது. கோயிலில் பொய் சொல்லாத நான், படிக்கட்டில் நின்று சொன்னேன்.

நீ போனபிறகு மூன்றாம் மாடியில், நமக்கு நேர் மேல் வீட்டில், ரெண்டு பெண்கள் குடிவந்தார்கள். அக்கா பெயர் ரேவதி, சாத்தூர்ப் பக்கம். எஸ்டேட்டுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தங்கை நர்ஸிங் படிக்கிறாள். கல்யாணமாகாத ரெண்டு பெண்கள் தனியாக என்றால் அம்பத்தூரில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பதினோரு வீடு ஏறி இறங்கி இங்கே வந்ததாக ரேவதி சொன்னாள். வீட்டுச் சொந்தக்காரர் நம் பில்டிங் சங்கச் செயலாளர் ஜெயராமன்தான். முதல் மாடியில் இருக்கிறார், அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மேல் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். உங்கப்பா ஓடிப்போய் மெயினை அணைத்தார். கட்டிலுக்கடியில் இருந்த, நாலைந்து பிளக் சொருகுகிற ஜங்ஷன் பாக்ஸ் உருகி, தொங்கின போர்வை பற்றி, மெத்தையின் ஒரு மூலை கருகியிருந்தது. தண்ணீரை ஊற்றிக் கால் மணியில் அணைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த பாக்ஸில் ரேவதியின் பெரிய வெள்ளை சார்ஜர் சொருகியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே நான் வாசலில் நின்று சொன்னேன்: "நான்தான் அப்பவே சொன்னேனே!" அந்த ஒரு வார்த்தைக்கப்புறம் அந்த பாக்ஸை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஜெயராமன் மறுநாளே மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். "ஒரு ஊடு எரிஞ்சா எட்டு ஊடும் எரியும். வாடகைக்கு வந்த பொண்ணுங்களுக்காக நம்ப சாவணுமா?" என்றார். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கூட்டம் போட்டு, பெரிய சார்ஜர் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த பில்டிங்கில் வீடு கிடையாது என்று மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுவது என்று பேச்சு. முதல் கையெழுத்து என்னுடையது என்றும் முடிவாயிற்று, நான்தானே சாட்சி.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரேவதி நம் வீட்டுக் கதவைத் தட்டினாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் உட்காரக்கூட இல்லை. "ஆன்ட்டி, இந்தச் சார்ஜரை நான் ரெண்டு வருஷமா இதே போனுக்குப் போடுறேன். எதுவும் ஆனதில்ல. ஆனா நீங்க பொய் சொல்ற ஆளு இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப உங்க வீட்ல நெசமாவே என்னமோ நடந்திருக்கணும்ல? அது என்னன்னு தெரிஞ்சா எனக்கே நல்லது. அந்த வயரு இருக்கா?" என்று கேட்டாள். பொய் சொல்ற ஆளு இல்ல. அந்தச் சொல் என்னைத் தைத்தது, நைனா. குபுகுபுவும் ஈரச் சாக்கும் ஞாபகம் வந்தது.

நான் எதையும் தூக்கிப்போடுகிறவள் இல்லை. பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து நீ சுருட்டி வைத்தபடியே சார்ஜரை எடுத்தேன். ரேவதி வயரின் முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "ஆன்ட்டி, இது என்ன மஞ்சளா?" என்றாள். என் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முனைக்குள்ளே, அந்தச் சின்னப் பல் வரிசை நடுவில், காய்ந்த சந்தனம். அதன்மேல் ஒரு இடத்தில் சிவப்பு. ஒரு பக்கத்துப் பற்கள் கருகியிருந்தன. ரேவதி, "உள்ள ஈரம் இருந்திருக்கு. போன் எதுவும் எச்சரிக்கை காட்டலையா? ஒரு தண்ணித் துளி மாதிரி?" என்று கேட்டாள். மழை என்று ஓடினேனே, அந்தத் துளி. "என்னைச் சொருகாதே, வாயில் ஈரம் இருக்கிறது" என்று அந்தப் போன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறது. போனுக்கு வாயிருக்கிறதா என்று உன்னைக் கேட்டவள் நான். அந்த வாயில் சந்தனத்தைப் போட்டு அடைத்தவளும் நான். அம்மன் படத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு வைத்த பொட்டுக்கு உன்மேல் பழி போட்டேன், அந்தப் பழி வளர்ந்து மாடியேறி, ரெண்டு பெண்களின் வீட்டைப் பிடுங்கப்போகிறது.

உங்கப்பா வந்ததும் வயரைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சந்தனத்துல கரண்டு பாயும்டி. எங்க மெஷின்ல ஸ்விட்ச்சுக்கு உள்ள பொட்டு வச்சவன மேஸ்திரி ஓட ஓட விரட்னாரு" என்றார். "அப்ப நீங்களாவது அன்னிக்கிச் சொல்லியிருக்கலாம்ல?" "சொன்னேனே, அவன் சொல்றத இன்னான்னு கேளேன்னு." "அதக் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும்." "சத்தமா சொல்லிட்டு நான் எங்கப் போயி சோறு துன்றது?" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது. ஆனால் சார்ஜர் பெரிதாக இருந்தால் போனுக்கு ஆபத்தா இல்லையா என்பதை அவர் சொன்னாலும் ரேவதி சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை. ஒரு தடவை கடைக்காரர் சொல்லை நம்பிக் கெட்டேன். இந்தத் தடவை நானே பார்க்கவேண்டும்.

புது வயர் வாங்கினேன். பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். ஆறு நாள். ஒருநாள் என் போனோடு வந்த பதினெட்டு, ஒருநாள் உன் அறுபத்தைந்து, மாற்றி மாற்றி. போனில் இருபது இருக்கும்போது சொருகுவேன், எண்பது வரும்போது பிடுங்குவேன், கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். கால் மணிக்கொரு தடவை புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் நெற்றியில் பார்த்த மாதிரி. ஆறாம் நாள் கோடு போட்டுக் கூட்டிப் பார்த்தால், ரெண்டுக்கும் ஒரே நேரம்! ரெண்டு மூன்று நிமிஷம் முன்னே பின்னே, அவ்வளவுதான். சூடும் ஒன்றுதான். அறுபத்தைந்தை வைத்துக்கொண்டு நின்றாலும், என் போன் தனக்கு வேண்டியதைத்தான் வாங்கியிருக்கிறது. நீ சொன்ன அதே வாக்கியம். அடுப்படியில் நின்றுகொண்டே "ஆத்தா!" என்று கத்திவிட்டேன். எட்டாவது படித்தவள் கண்டுபிடித்தேன், நைனா. யார் சொல்லியும் அல்ல, நானே கண்டுபிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ரேவதியும் தங்கையும் தூண் ஓரமாக நின்றார்கள். மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டதாகக் கஸ்தூரி காதில் சொன்னாள். ஜெயராமன் காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து உன் சார்ஜரை எடுத்து, மோட்டார் ரூம் பிளக்கில் சொருகி, என் போனை மாட்டி, அதை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஜெயராமன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "இன்னாம்மா இது? எல்லார் முன்னாடியும் வெடிக்க வுடப்போறியா?" என்றார். "வெடிச்சா என் மடியிலதான வெடிக்கும்? கூட்டம் முடியறவரைக்கும் இருக்கட்டும்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பட்டென்று கரண்ட் போயிற்று. "பாத்தியா பாத்தியா, பெரிய சார்ஜர் போட்டதும் கரண்ட்டே பூடுச்சு!" என்று யாரோ கத்த, ஒரே களேபரம். எதிர் பில்டிங் பால்கனியிலிருந்து ஒரு அம்மா, "எங்க ஊட்லயும்தான் இல்ல, தெரு பூரா இல்ல, சும்மா கெடங்க!" என்று அதட்டினாள். அஞ்சு நிமிஷத்தில் வந்தது. என் போனும் அமைதியாக விட்ட இடத்திலிருந்து ஏற ஆரம்பித்தது.

கஸ்தூரிதான் ஆரம்பித்தாள். "நீதான சொன்ன, உன் போனு குபுகுபுன்னு எரிஞ்சிதுன்னு?" என்றாள். "எரியல கஸ்தூரி. பொகஞ்சிது. பொகையும் இல்ல, நாத்தம்தான். அதுவும் சார்ஜரால இல்ல, நான் வச்ச சந்தனப் பொட்டால" என்றேன். சந்தனத்தையும் துளியையும் மழையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பிறகு கஸ்தூரி, "அடிப்பாவி, அப்ப என் வடகம்?" என்றாள். அந்த வண்டி நிறுத்துகிற இடமே சிரித்தது. தூண் ஓரமாக நின்ற ரேவதிகூடச் சிரித்தாள். வெட்கத்தில் செத்துப்போவேன் என்று நினைத்தேன். சாகவில்லை. இறக்கி வைத்த தண்ணீர்க் குடம் மாதிரி லேசாகிவிட்டேன்.

ஜெயராமன் விடுவதாக இல்லை. "உன் கத வேறம்மா. அவ்ளோ பெரிய சார்ஜர்ல சின்ன போனப் போட்டா ஆபத்து இல்லன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றார். நான் நோட்டை விரித்துக் காட்டினேன். பிறகு எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்: "ஆடி மாசம் நம்ப கோயில்ல கூழ் ஊத்தறோம். அண்டா ஆளு உசரம் கீது. நீங்களும் சொம்பு எடுத்துனு வரீங்க. சொம்பு கொள்ற அளவு ஊத்துறேன், போதும்னு கை காட்டினா நிறுத்துறேன். அண்டா பெருசா இருந்தா சொம்பு வெடிச்சிடுமா? இந்த சார்ஜரும் அப்டித்தான். மொதல்ல கொஞ்சூண்டு குடுத்துட்டு நிக்குது. போனு இவ்ளோ வேணும்னு கேட்டாதான் ஏத்திக் குடுக்குது. ஊத்தறவன் சொம்பப் பாக்காம ஊத்தினா அது வேற கத. ஸ்டேஷன் வாசல்ல குவிச்சு விக்கிறானே, பேரும் இல்லாத முத்திரையும் இல்லாத சார்ஜரு, அவன்தான் சொம்பப் பாக்காம ஊத்தறவன். பயப்படறதுன்னா அவனப் பாத்துப் பயப்படுங்க." பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். உங்கப்பாவோ என்று திரும்பினேன். அவர்தான்.

அதற்கப்புறம் உங்கப்பா எழுந்து, உருகின ஜங்ஷன் பாக்ஸை ஸ்க்ரூ டிரைவரால் எல்லோர் முன்னாலும் பிரித்தார். முந்தின நாளே நானும் அவரும் மேலே போய் அதை வாங்கி வைத்திருந்தோம். சார்ஜர் சொருகின ஓட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. கரி பிடித்து உருகியிருந்தது பக்கத்து ஓட்டை. "இதுல இன்னா போட்டிருந்தீங்க?" என்று கேட்டார். தங்கை, "இஸ்திரிப் பெட்டி, அங்கிள். யூனிஃபார்ம் தேச்சிட்டு அப்பத்தான் கழட்டினேன்" என்றாள். உள்ளே பித்தளை நாக்கு தளர்ந்து ஆடியது. இஸ்திரிப் பெட்டி இழுக்கிற கரண்டுக்கு அது சூடேறி, மேலே தொங்கின போர்வையைப் பிடித்திருக்கிறது. "இந்த பாக்ஸு யாரோடது?" என்று கேட்டார் உங்கப்பா. ரேவதி முதல் தடவையாக வாய் திறந்தாள். "வீட்டோட குடுத்தது அங்கிள். ரூம்ல ஒரே பாயின்ட்டுதான், இன்னொண்ணு போட்டுத் தாங்கன்னு சார்கிட்ட மூணு தடவை கேட்டேன்." எல்லோரும் ஜெயராமனைப் பார்த்தார்கள். அவர் கையெழுத்துக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, நைனா, பயந்த மனிதர். அவர் பயத்துக்குக் கதை சொன்னவளே நான்தானே. "சரி, அந்தப் பொண்ணுங்க இருக்கட்டும். நாளைக்கே ஆள வுட்டு ரெண்டு பாயின்ட்டு போட்டுடறேன்" என்றார். "நாளைக்கி இல்லண்ணா, இப்பவே போன் பண்ணுங்க" என்று கஸ்தூரி சொல்ல, அங்கேயே போன் பண்ணினார். என் மடியிலிருந்த போன் அப்போது தொண்ணூற்று மூன்று.

அந்த ஞாயிற்றிலிருந்து இந்த எட்டு வீட்டில் சார்ஜரோ வயரோ யார் வாங்கினாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் சொருகுகிறார்கள். உனக்கும் அதையே சொல்கிறேன், அம்மாவாக இல்லாமல் பார்த்துத் தெரிந்துகொண்டவளாகக் கேள். வாட்ஸைப் பார்த்துப் பயப்படாதே, பேரில்லாத சரக்கைப் பார்த்துப் பயப்படு. அரசாங்கத் தர முத்திரை இருக்கிறதா பார். சார்ஜரை விட வயர்தான் முதலில் சாகும். கழுத்து மடங்கி, உள்ளே கம்பி தெரிந்தால் அன்றைக்கே விட்டுவிடு, செல்லோ டேப் சுற்றிக் குடித்தனம் நடத்தாதே. உன் ரூமில் பிளக் ஆடினால் ஓனரிடம் கேள், மூன்று தடவை கேட்டும் செய்யாவிட்டால் நாலாம் தடவை நாலு பேரோடு போய்க் கேள். சார்ஜ் ஏறும்போது போனைத் தலையணைக்கடியிலும் போர்வைக்குள்ளும் வைக்காதே, அதற்கும் மூச்சு வேண்டும். லேசான வெதுவெதுப்புக்குப் பதறாதே, கை வைக்க முடியாத சூடு என்றால் பிடுங்கிவிடு. குளித்த கையோடு தொடாதே. துளி படம் வந்தால் வானத்தைப் பார்க்காதே. இதெல்லாம் உனக்கு முன்பே தெரியும் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு நீ சொன்னதைக் கேட்காதவள், இன்றைக்கு அதையே உனக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சிரித்துக்கொள், பரவாயில்லை.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் கேள். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வரும். உன் வீட்டில் ஏதாவது கருகும், உடையும், கெட்டுப்போகும். அப்போது முதலில் யார் வாங்கினது என்று கேட்காதே. எங்கே கருகியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். நான் அதைச் செய்ய ஆறு மாசம் ஆயிற்று. அந்த ஆறு மாசமும் நீ என்னிடம் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. உன்னைத் திட்டினது என் தப்பு. மன்னித்துக்கொள் என்று தாய் மகனிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு கூட்டம் கலைந்து மேலே வந்து, கை கால் கழுவி, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். தலைக்குமேல் தடதடவென்று சத்தம். ரெண்டு வாரமாக அந்த வீட்டில் நடக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு அடங்கிக் கிடந்தார்கள். இப்போது கட்டிலை இழுக்கிறார்கள், அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறார்கள், பாத்திரம் ஒன்று உருண்டு போய்ச் சுவரில் மோதுகிறது, தங்கை ஏதோ சொல்ல அக்கா கெக்கெக்கென்று சிரிக்கிறாள். உங்கப்பா பேப்பரை இறக்கிவிட்டு மேலே அண்ணாந்து, "இன்னா சத்தம் இது, இந்த நேரத்துல?" என்று கேட்டார்.

"குடித்தனம் நெலைக்கிற சத்தம். நல்லா போடட்டும், வுடுங்க" என்றேன்.